கவர் லெட்டரை நீங்களே எழுதுங்கள்

டைப் அடிக்கிற கொமினிகேஷன் கடைக்குப் போய், வேலை விண்ணப்பத்தோடு வைத்து அனுப்ப "ஒரு கவர் லெட்டர் அடிச்சுத் தாங்க" என்று கேட்டால் கொஞ்ச நேரத்தில் ஒன்று கையில் கிடைத்துவிடும். ஏற்கெனவே கம்பியூட்டரில் கிடக்கிற கடிதத்தில் பெயரையும் பதவியையும் மாற்றித் தருவார்கள். அதே வேலைக்கு விண்ணப்பிக்கிற இன்னும் நாலு பேர் அதே கடிதத்தைத்தான் கொண்டு போயிருப்பார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். கடையில் அடிப்பதில் பிழையில்லை, ஆனால் அடிப்பதற்கு வேண்டியதை நீங்கள் எழுதிக்கொண்டு போக வேண்டும்.

வர்த்தமானியில் வருகிற அரச வேலைக்குப் பெரும்பாலும் இந்தக் கடிதம் தேவைப்படாது. மாதிரி விண்ணப்பம் எப்படிக் கேட்டிருக்கிறதோ அப்படியே நிரப்பி, கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதி, பதிவுத் தபாலில் இறுதித் திகதிக்கு முதல் போய்ச் சேரும்படி அனுப்பினால் சரி. கவர் லெட்டரை உண்மையில் வாசிக்கிற இடங்கள் வேறு: என்.ஜி.ஓ.க்கள், நிதி நிறுவனங்கள், பாசிக்குடா, அறுகம்பே ஹோட்டல்கள், கல்முனையிலும் மட்டக்களப்பு டவுனிலும் உள்ள தனியார் கம்பனிகள்.

முதலில் விளம்பரத்தைப் பேனையோடு வாசியுங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு கள உத்தியோகத்தர் வேலை என்று வைப்போம். கிராம மட்டச் சங்கங்களோடு வேலை செய்த அனுபவம், அறிக்கை எழுதும் திறன், மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம், இந்த மூன்றையும் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே கோடு போட்டு, பக்கத்தில் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு விஷயத்தை எழுதுங்கள். அந்தக் குறிப்புத்தான் கடிதத்தின் முக்கால்வாசி.

"எனக்கு அனுபவமே இல்லையே" என்று வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படித்து முடித்த பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். சம்பளம் வாங்கினால்தான் அனுபவம் என்று யார் சொன்னது? மார்கழி வெள்ளத்தில் பாடசாலையில் தங்கியிருந்த குடும்பங்களின் பெயர் விபரம் எடுத்து கிராம சேவகரிடம் கொடுத்தீர்களா, மாதர் சங்கத்துக்குக் கூட்டக் குறிப்பு எழுதிக் கொடுத்தீர்களா, மாமாவின் நெல் ஆலையில் அறுவடை நேரம் கணக்குப் பார்த்தீர்களா, அதெல்லாம் வேலைதான். ஆனால் அதை அளவோடும் விபரத்தோடும் சொல்ல வேண்டும். "நான் கடின உழைப்பாளி, குழுவாக இயங்கக்கூடியவன்" என்று எழுதினால் வாசிக்கிறவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியவராது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"எங்கள் கிராமத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மாதாந்தக் கூட்டக் குறிப்புகளையும் சுழற்சிக் கடன் பதிவேட்டையும் இரண்டு வருடமாக எழுதி வருகிறேன். கடன் பிந்திய வீடுகளுக்குத் தலைவியோடு போய்க் கதைத்திருக்கிறேன். அனுமதிப்பத்திரம் இருப்பதால் வெல்லாவெளிப் பக்கக் கிராமங்களுக்கு எனது மோட்டார் சைக்கிளிலேயே போய் வர முடியும், மழை காலத்தில் எந்த வீதி தண்ணீருக்குள் போகும் என்பதும் தெரியும்."

மூன்றே வசனம், விளம்பரம் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. இல்லாததைச் சேர்க்காதீர்கள். நம்முடைய மாவட்டங்களில் ஒரு சங்கத் தலைவியின் போன் நம்பர் எடுப்பது யாருக்கும் பெரிய விஷயமில்லை, நேர்முகப் பரீட்சைக்கு முதலே விசாரித்துவிடுவார்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். "எனது குடும்ப நிலையைக் கருத்திற் கொண்டு இவ்வேலையைத் தந்துதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்ற வரியை வெட்டிவிடுங்கள். கஷ்டம் உண்மைதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் உதவி கேட்டுப் போகவில்லை, அவர்களுக்கு ஆள் தேவை, உங்களுக்கு அந்த வேலை தெரியும், அவ்வளவுதான். அந்த வரி போகிற இடத்தில் உங்கள் தகுதி இன்னொன்றை எழுதலாம்.

அமைப்பு லேசு. திகதி, யாருக்கு, எந்தப் பதவி, இலக்கம் இருந்தால் அது, விளம்பரத்தை எங்கே பார்த்தீர்கள். பிறகு இந்த வேலை ஏன் உங்களுக்குப் பொருந்தும் என்று இரண்டு வரி, மேலே சொன்ன நடுப்பகுதி, எப்போதிருந்து வேலைக்கு வரலாம், தொலைபேசி இலக்கம். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. சீவியில் (தன்விபரக் கோவையில்) இருக்கிற ஓ.எல்., ஏ.எல். பெறுபேறுகளைத் திரும்ப இங்கே கொட்ட வேண்டாம்.

விளம்பரம் எந்த மொழியிலோ கடிதமும் அந்த மொழியில். ஆங்கிலம் என்றால் சின்னச் சின்ன வசனமாக நீங்களே எழுதி, தெரிந்த டீச்சர் ஒருவரிடம் திருத்தக் கொடுங்கள். எங்கிருந்தோ எடுத்த பெரிய ஆங்கிலம் நேர்முகத்தில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சிங்களம் கதைக்க வரும், எழுத வராது என்றால் அப்படியே எழுதுங்கள். மூன்று இனமும் இருக்கிற அம்பாறை மாவட்டத்தில் கதைக்கத் தெரிவதே பெரிய தகுதி.

அனுப்பும்போது கவனம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த வேர்ட் கோப்பை அப்படியே அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கம்பியூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யூனிகோடில் அடித்து பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்புங்கள், கோப்புக்கு உங்கள் பெயரையும் பதவியையும் வையுங்கள். மின்னஞ்சலின் தலைப்பில் பதவியின் பெயர் இருக்கட்டும், உள்ளே வெறுமையாக விடாமல் இரண்டு வரி எழுதுங்கள். உங்களைப் பற்றி விசாரிக்கச் சீவியில் பெயர் போட்ட உறவினரல்லாத இருவருக்கும் முதலே சொல்லி வையுங்கள், போன் வரும்போது அவர்கள் முழிக்கக் கூடாது.

"தெரிவு செய்யப்பட்டவர்கள் மாத்திரம் அழைக்கப்படுவர்" என்று போட்டிருந்தால் போன் எடுத்துக் கேட்க வேண்டாம். இல்லாவிட்டால் முடிவுத் திகதிக்குப் பிறகு ஒரு கிழமை விட்டு ஒருமுறை கேட்கலாம். விளம்பரத்தையும் அனுப்பிய கடிதத்தையும் போனில் படம் எடுத்து வைத்திருங்கள், ஒரு மாதம் கழித்து நேர்முகத்துக்குக் கூப்பிடும்போது விளம்பரம் இணையத்தில் இருக்காது.