இரைப்பை மந்தத்துக்கான மாத்திரைகளை எப்போது, எப்படி, எத்தனை நாள் எடுப்பது

சிறிதளவு உண்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, உப்புசம் மணிக்கணக்கில் நீடிப்பது, காலையில் உண்ட உணவு மாலையில் செரிக்காமல் வாந்தியில் வருவது ஆகியவை, இரைப்பை உணவைச் சிறுகுடலுக்குத் தள்ளத் தாமதிப்பதன் அறிகுறிகளாக இருக்கக்கூடும். நாட்பட்ட நீரிழிவால், இரைப்பையின் அசைவை இயக்கும் வேகஸ் நரம்பு பழுதடைவது இதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. பலருக்குக் காரணம் புலப்படுவதே இல்லை. குடல் அடைபட்டிருக்கும்போது தள்ளும் விசையை மட்டும் கூட்டுவது ஆபத்து என்பதால், அடைப்பு ஏதும் இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பின்னரே இரைப்பையின் அசைவைத் தூண்டும் மாத்திரைகளைத் தொடங்க வேண்டும்.

அதற்கும் முன்னதாக, நீங்கள் ஏற்கெனவே உட்கொண்டுவரும் மருந்துகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலிநிவாரணிகள், வயிற்றுப் பிடிப்புக்கான சில மாத்திரைகள், எடைக்கும் நீரிழிவுக்கும் போடப்படும் செமாகுளுடைடு போன்ற ஊசிமருந்துகள் ஆகியவை இரைப்பையை மந்தப்படுத்துபவை. ஒரு மருந்து உண்டாக்கிய தொல்லைக்கு இன்னொரு மருந்தைத் தேடுவதைவிட, முதல் மருந்தை மாற்ற முடியுமா என்று கேட்பதே அறிவுடைமை. ஆனால் மருத்துவரைக் கேளாமல் எதையும் நிறுத்திவிடக் கூடாது.

மாத்திரை பலனளிக்கவில்லை என்று வருந்துவோரில் சிலர் அதை உணவுக்குப் பின் விழுங்குபவர்களாக இருப்பார்கள். இரைப்பையின் அசைவைத் தூண்டும் மாத்திரைகளான டோம்பெரிடோன், மெட்டோகுளோப்ரமைடு ஆகிய இரண்டையும் உணவுக்குச் சுமார் 15 முதல் 30 நிமிடங்களுக்கு முன் எடுத்தால்தான், உணவு வந்துசேரும் வேளையில் இரைப்பை இயங்கத் தயாராக இருக்கும். அமில முறிவு மருந்தை டோம்பெரிடோனுடன் சேர்த்து விழுங்கினால் டோம்பெரிடோன் உறிஞ்சப்படுவது குறையும் என்பதால், அமில முறிவு மருந்தை உணவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஒரு வேளை தவறிவிட்டால், அடுத்த வேளையில் இரட்டிப்பாக எடுக்க வேண்டாம்.

இரண்டும், நரம்புகளிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் செயலைத் தடுப்பவையே என்றாலும், அவற்றின் பக்கவிளைவுகள் வேறுபடுகின்றன. மெட்டோகுளோப்ரமைடு மூளைக்குள் எளிதில் நுழைவதால் தூக்கக் கலக்கம், அமைதியின்மை, தசை இறுக்கம் ஆகியவற்றையும், நீண்ட நாள் எடுப்போரிடம் வாய், நாக்கு, முகம் ஆகியவை தாமாகவே அசையும் கோளாறையும் உண்டாக்கக்கூடும். இந்தக் கோளாறு மருந்தை நிறுத்திய பின்னும் மறையாமல் போகலாம். இதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் கடுமையான எச்சரிக்கை விடுத்து, 12 வாரங்களுக்கு மேல் தொடர்வதைத் தவிர்க்கச் சொன்னது. ஐரோப்பிய அமைப்பு 2013இல் இன்னும் இறுக்கமாக, பொதுவாக 5 நாட்களுக்கு மேல் வேண்டாம் என்றது.

டோம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் நுழைவதில்லை. அதன் கவலை இதயத்தைப் பற்றியது. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது என்பதால், ஐரோப்பாவில் 2014 முதல் பெரியவர்களுக்கு 10 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு மூன்று வேளை என்பதே உச்சவரம்பு. இதயநோய் உள்ளவர்களும், கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, கீட்டோகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி போன்றவற்றை உட்கொள்பவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். எரித்ரோமைசின் உட்கொள்பவர்களும் அவ்வாறே தவிர்க்க வேண்டும். அந்த நுண்ணுயிர்க்கொல்லியையே இரைப்பையைத் தூண்டச் சில சமயம் கொடுப்பதுண்டு, ஆயினும் சில வாரங்களில் அதன் வீரியம் மங்கிவிடும். டோபமைனைத் தடுக்கும் இவ்வகை மருந்துகளால், பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடி, மாதவிடாய் தள்ளிப்போவதும், பாலூட்டாதவர்களுக்கும் மார்பில் பால் சுரப்பதும் உண்டு. கூச்சப்பட்டு மறைக்காமல் இதை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

இன்சுலின் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரைப்பை வேகமாகக் காலியாகத் தொடங்கினால் சர்க்கரை ஏறும் நேரமும் மாறும் என்பதால், முதல் சில வாரங்களில் சர்க்கரையை அடிக்கடி அளந்து, இன்சுலின் அளவையும் நேரத்தையும் மருத்துவரோடு சேர்ந்து திருத்திக்கொள்ளுங்கள். கொழுப்பும் நாரும் குறைந்த மென்மையான உணவைச் சிறு சிறு பங்காகப் பல வேளை உண்பது மாத்திரையின் வேலையை எளிதாக்கும்.

முகத்திலோ கழுத்திலோ தசைகள் தாமாக இழுத்துக்கொண்டாலும், நெஞ்சு படபடத்து மயக்கம் வந்தாலும், வாந்தியில் இரத்தம் தென்பட்டாலும், அடுத்த வேளை மாத்திரையை எடுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உட்கொண்ட மருந்துகளின் அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.