வாகைக்குளம் விமான நிலையத்தில் காரியம் ஆக வேண்டுமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

"அண்ணாச்சி, ஏர்போர்ட்ல யாரைப் பாக்கணும்?"

2025 ஜூலை 26-ஆம் தேதி வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்ட பிறகு, மாதத்துக்கு நாலு பேராவது என்னிடம் இப்படிக் கேட்டு வருகிறார்கள். சிறு ஒப்பந்ததாரர்களுக்கு டெண்டர் ஆவணம் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்களில் துப்புரவு ஆள் அனுப்புகிறவர் உண்டு, முறப்பநாடு பக்கம் மனை வாங்கியவர் உண்டு, மகனுக்கு வேலை தேடுகிற தகப்பனும் உண்டு.

1986-இல் திருநெல்வேலி மாவட்டம் இரண்டாகப் பிரிந்து தூத்துக்குடி தனி மாவட்டமானாலும், நெல்லையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் வாகைக்குளம்தான் இன்றும் நமக்கு விமான நிலையம். 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் 3,115 மீட்டராகிவிட்டது. ஏறத்தாழ 450 கோடி ரூபாயில், 17,340 சதுர மீட்டரில், ஆண்டுக்கு 20 லட்சம் பேர் வந்துபோகும் கணக்கில் முனையம் கட்டியிருக்கிறார்கள். அத்தனை பெரிய இடத்துக்குப் பினாயில் முதல் லிஃப்ட் பராமரிப்பு வரை எல்லாம் வெளியிலிருந்துதான் போக வேண்டும். அதில் நம் ஊர்க்காரர்களுக்கும் பங்கு கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால்தான் சொல்கிறேன்: யாரைப் பார்க்கணும் என்று ஆரம்பிப்பதே தப்பு. எந்தத் தாள், எந்தத் தேதி என்று கேளுங்கள்.

டெண்டரை எடுத்துக்கொள்வோம். இந்திய விமான நிலைய ஆணையம் பொருட்களையும் பல சேவைகளையும் மத்திய அரசின் இணையச் சந்தையான ஜெம் (GeM) தளத்தில் வாங்குகிறது. மற்ற ஒப்பந்தங்கள் மத்திய அரசின் மின்-கொள்முதல் தளத்தில் வருகின்றன. பத்திரிகையில் விளம்பரம் வரும் என்று காத்திருந்தால் பாதி நாள் போய்விடும். டெண்டரை ஒருமுறை இறக்கிப் படித்ததோடு விடுவதும் ஆபத்து. திருத்த அறிவிப்பு பின்னாலேயே வரும். தேதி மாறும், சில நேரம் தகுதி நிபந்தனையே மாறும். கடைசி நாள்வரை தினம் ஒருமுறை பாருங்கள்.

என் மைத்துனருக்கு நடந்ததைச் சொல்கிறேன். வண்ணார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து ஒரு துப்புரவு டெண்டருக்கு ஆவணங்களை ஏற்றினார். மூன்று மணிக்கு முடிவு. இரண்டே முக்காலுக்கு எல்லாம் ஏறிவிட்டது. நிம்மதியாக எழுந்து டீ குடிக்கப் போனார். கடைசியில் அழுத்த வேண்டிய 'ஃப்ரீஸ் பிட்' பொத்தானை அழுத்தவே இல்லை. அதை அழுத்தி ஒப்புகைச் சீட்டு எடுத்தால்தான் விலைப்புள்ளி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. திரும்பி வந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. நம் கைக்கடிகாரத்துக்கு அங்கே மதிப்பில்லை, சர்வரின் நேரம்தான் நேரம். இரண்டு வாரம் அலைந்து சேர்த்த காகிதக் கட்டோடு அவர் படியிறங்கிய முகம் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து என்னிடம் வருகிற எல்லாரிடமும், முதல் நாளே முடித்துவிடுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் காலாவதித் தேதியையும் அதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

விலை நிரப்புகிற எக்செல் கோப்பை இறக்கியதும், அதற்குத் தன் கம்பெனிப் பெயரை வைத்துச் சேமிக்கிறவர்கள் பலர். தளம் அதை ஏற்காது. வந்த பெயரிலேயே, வந்த கட்டங்களிலேயே நிரப்ப வேண்டும். இதைவிடப் பெரிய தப்பு, விலையை, தகுதி ஆவணங்கள் மட்டும் போக வேண்டிய தொழில்நுட்ப உறையில் எங்காவது எழுதிவிடுவது. ஒரு கடிதத்தில் போகிற போக்கில் தொகையைக் குறிப்பிட்டாலும் டெண்டர் நிராகரிக்கப்படும். அனுபவச் சான்று கேட்டால் பணி ஆணையைக் கொடுக்கிறார்கள். வேலை கிடைத்ததற்குத்தான் அது சாட்சி. கேட்பது வேலையை முடித்ததற்கான சான்று. தனியாரிடம் செய்த வேலை என்றால் வரிப்பிடித்தச் சான்றும் கூடவே கேட்பார்கள்.

உத்யம் என்கிற சிறு தொழில் பதிவு இருந்தால், டெண்டரோடு கட்டுகிற முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பாதிதான் சரி. 2012-ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கொள்முதல் ஆணைப்படி, பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தை நுண், சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். அதில் 4 சதவீதம் பட்டியலினத்தார், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கு, 3 சதவீதம் பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு. ஆனால் வாங்கி விற்கிற வியாபாரிக்கு, முன்வைப்புத் தொகை விலக்கு உட்பட இந்தச் சலுகை எதுவும் கிடையாது. கட்டட வேலைக்கும் கிடையாது.

ஆள் அனுப்புகிற ஒப்பந்தத்தில் கையைச் சுட்டுக்கொள்வது கூலிக் கணக்கில்தான். தமிழ்நாட்டின் குறைந்தபட்சக் கூலியை வைத்துக் கணக்குப் போட்டு, ஆகக் குறைந்த விலை கொடுத்து ஜெயித்துவிடுவார்கள். விமான நிலையம் மத்திய அரசின் வரம்பில் வருவது. மத்திய தொழிலாளர் ஆணையர் அறிவிக்கும் கூலியைத்தான் கொடுக்க வேண்டும். அதன் பஞ்சப்படி ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாறும். வைப்பு நிதி, ஈஎஸ்ஐ வேறு. இந்த வித்தியாசத்தை யாரோ ஒருவர் தாங்க வேண்டும், கடைசியில் அது துடைப்பம் பிடிக்கிற அக்காவின் சம்பளத்தில்தான் விழுகிறது. இது எனக்கு மனசு ஆறாத விஷயம். நுழைவு அனுமதிச் சீட்டுக்கு போலீஸ் சரிபார்ப்பு உண்டு என்பதால், ஆதாரில் ஒரு முகவரியும் ரேஷன் கார்டில் வேறு முகவரியும் உள்ள ஆட்களை முன்கூட்டியே சரிசெய்யச் சொல்லுங்கள்.

மகளிர் குழுக்களுக்கு டெண்டர் இல்லாத ஒரு வழி இருக்கிறது. 'அவ்சர்' என்ற திட்டத்தில், முனையத்துக்குள் ஒரு சிறு கடையிடத்தை 15 நாள் முறை வைத்து ஒவ்வொரு குழுவுக்கும் கொடுக்கிறார்கள். பத்தமடைப் பாய்க்கும் உடன்குடிக் கருப்பட்டிக்கும் இதைவிட நல்ல வாசல் உண்டா? பெட்டிக்குள் மடங்கிப் போகிற அளவில் பாய் வைத்திருங்கள். ஆளுயரப் பாயை யாரும் விமானத்தில் தூக்கிப் போக மாட்டார்கள். தின்பண்டம் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

"ஏர்போர்ட்டுக்கு மிக அருகில்" என்று நெடுஞ்சாலை முழுக்க மனை விளம்பரப் பலகைகள் நிற்கின்றன. ஊராட்சி அனுமதியும் பட்டாவும் சரியாக இருந்தாலும், கட்டடத்தின் உயரத்துக்கு விமான நிலையத்தின் நிறவாரி மண்டல வரைபடம் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அந்த உயரம் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவது. "30 மீட்டர் வரை கட்டலாமாம்" என்று கேட்டு வந்து தரையிலிருந்து 30 மீட்டருக்குத் திட்டம் போட்டவர்கள் இருக்கிறார்கள். மனை நிற்கும் தரையே கடல்மட்டத்துக்கு மேலே 20 மீட்டர் இருந்தால் மிச்சம் பத்துதான். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, செல்போன் கோபுரம் எல்லாம் அந்தப் பத்துக்குள் அடங்க வேண்டும். ஓடுதளம் நீண்டதும் கட்டுப்பாட்டுப் பரப்பும் நகரும், ஆகவே பழைய தடையில்லாச் சான்றைக் காட்டி யாராவது விற்க வந்தால் புதிதாக விண்ணப்பித்துக் கேட்பதே நல்லது.

கறிக்கடைக் கழிவை ஓடையோரம் கொட்டுவதும் இந்தத் தவறுகளில் சேர்த்தி. விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவில் பறவைகளை இழுக்கும் குப்பையைக் கொட்டுவதை விமான விதிகள் தடை செய்கின்றன. ஒரு பருந்து இஞ்சினில் சிக்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

வேலைக்குப் பணம் கேட்கிறவர் யாராயிருந்தாலும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். விண்ணப்பக் கட்டணம் இருந்தால் அறிவிப்பிலேயே போட்டிருக்கும்.

இனி நிலம். விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்கப்படும் ஊர்களில் பட்டா தாத்தா பெயரிலேயே கிடக்கும். அறிவிப்பு அந்தப் பெயருக்குத்தான் வரும், பேரன் மும்பையில் இருப்பான். வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாற்றுவதை இன்றைக்கே தொடங்குங்கள். கிணறு, பனை, புளி எல்லாவற்றுக்கும் இழப்பீட்டில் தனி மதிப்பு உண்டு. அளக்க வருகிற அன்று வயலில் நின்று மரங்களை எண்ணிக் காட்டி, குறிப்பில் ஏறியதா என்று பாருங்கள்.

பெரிய விமான நிலையத் திட்டங்களுக்கு 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். மாவட்ட ஆட்சியரோ அவர் நியமிக்கும் மூத்த அதிகாரியோ தலைமை தாங்குவார். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு கொடுப்பார்கள். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்கும். அதைப் படிக்காமல் போய் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறவர்களே அதிகம். குளத்துக்கு வரும் ஓடை எந்தப் பக்கம் திருப்பப்படுகிறது, மழைத்தண்ணீர் எந்தக் கண்மாய்க்குப் போகும் என்று பக்க எண்ணோடு கேட்ட கேள்விக்குத் திட்டத்தைக் கொண்டுவருகிறவர்கள் பதில் எழுதியாக வேண்டும். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் எழுதி அனுப்பலாம். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு கிடையாது. ஆகவே புறக்கணித்தால் கூட்டம் நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். எதிர்ப்பைச் சொல்லத்தான் வேண்டும் என்றால் பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்த ஏகனாபுரத்துக்காரர்களைப் பாருங்கள். ஒவ்வொரு கிராம சபையிலும் தீர்மானம் போட்டுப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டே வந்தார்கள்.

பேசி முடித்ததும் பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று பாதிக் கூட்டம் கிளம்பிவிடும். கடைசியில்தான் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டி, தலைமை அதிகாரி கையெழுத்துப் போடுவார். நீங்கள் சொன்னது அதில் இல்லையென்றால் எழுந்து கேட்கலாம். கையெழுத்து விழும்வரை ஊருக்கு இரண்டு பேராவது அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.