சேலத்தில் சின்ன ஐடி கம்பெனிகள் கைகோக்க எங்கிருந்து தொடங்குவது?

ஐந்து பேர், பத்து பேரை வைத்து சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிற நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. தெரியாத வேலையைக் கேட்டு ஒரு கஸ்டமர் வந்தால் "செய்யலாங்க" என்று வாங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் திணறுவோம், இல்லையென்றால் "அது நாங்க பண்றதில்லைங்க" என்று அனுப்பிவிடுவோம். அவர் நேராக பெங்களூருக்கோ கோவைக்கோ போய்விடுவார். அந்த வேலையை நன்றாகச் செய்யத் தெரிந்த ஆள் ஃபேர்லேண்ட்ஸில் நமக்கு இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்திருப்பார், அவருக்கும் அந்த மாதம் சம்பளம் போட ஆர்டர் இருந்திருக்காது. இதுதான் என்னை உறுத்துவது. ஊருக்குள் வந்த வேலை ஊரைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு தொடர்பு வளையம் வேண்டும். அதைக் கட்டுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில், சங்கம் தொடங்காதீர்கள். சங்கம் என்றதும் தலைவர் யார், பொருளாளர் யார் என்ற பேச்சு வந்துவிடும், அதிலேயே பாதிப் பேர் விலகிப்போவார்கள். ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள் என்றால், தரகர்களும் வியாபாரிகளும் வைத்ததுதான் விலை, சரக்கை வைத்துக் காத்திருக்கக் கிடங்கு இல்லை, கடனும் கிடைக்கவில்லை என்ற ஒரே வலி எல்லோருக்கும் இருந்தது. வலி முதலில், சங்கம் அப்புறம். நம்முடைய வலி கைநழுவிப் போகும் ஆர்டரும், வராமல் இழுக்கும் பணமும்.

ஆகவே ஒரு தாளில் இருந்து தொடங்குங்கள். தெரிந்த ஏழெட்டுக் கம்பெனிகளிடம் மூன்று விஷயம் மட்டும் எழுதி வாங்குங்கள்: கடைசியாக முடித்துக் கொடுத்த மூன்று வேலைகள், கடந்த ஆறு மாதத்தில் முடியாது என்று திருப்பி அனுப்பிய வேலைகள், இப்போது கையில் சும்மா இருக்கும் ஆட்கள். "என்ன செய்கிறீர்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். நான் முதலில் அப்படித்தான் கேட்டேன், கிட்டத்தட்ட எல்லோருமே வெப்சைட், ஆப், இஆர்பி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று ஒரே வரியை எழுதிக் கொடுத்தார்கள், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. திருப்பி அனுப்பிய வேலைகளைக் கேட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது. ஒருவர் எடைமெஷினை பில்லிங் சாஃப்ட்வேரோடு இணைக்கத் தெரியாமல் விட்ட வேலை, பட்டியலில் இன்னொருவர் தினமும் செய்கிற வேலையாக இருந்தது.

எல்லையைச் சின்னதாக வையுங்கள். சேலம், நாமக்கல், தர்மபுரி, ஈரோடு, அவ்வளவு போதும். ஒருவர் காலையில் பஸ் ஏறி வந்து, பேசிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்விட வேண்டும். முகம் பார்க்காத ஆளிடம் நம் கஸ்டமரை யாரும் ஒப்படைக்க மாட்டார்கள்.

கூடுகிற தேதி சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பல முயற்சிகள் அதில்தான் படுத்துவிடுகின்றன. மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு, விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1க்குக் கடைசி நாள் 11ஆம் தேதி, வரி கட்டும் 3பிக்கு 20ஆம் தேதி. பில்லிங் சாஃப்ட்வேர் விற்கிறவர்களுக்கு அந்த நாட்களில் போன் ஓயாது. ஞாயிற்றுக்கிழமை வைத்தால் கல்யாணம், காதுகுத்து. 22ஆம் தேதிக்கு மேல் ஒரு வேலைநாளில், ஐந்து ரோடு பக்கம் ஏதாவது ஓட்டலில் ஒரு மேஜையைப் பிடித்து, இரண்டு மணி நேரம் பேசினால் போதும். பொன்னாடை, மைக் எதுவும் வேண்டாம்.

இனி பணம். இதில் எனக்கே அடி விழுந்திருக்கிறது. சங்ககிரிப் பக்கம் ஒரு லாரி ஆபீஸுக்கு ட்ரிப் ஷீட்டும் டீசல் கணக்கும் செய்து கொடுத்தேன். ஜிபிஎஸ் பகுதியை மட்டும் தெரிந்த ஒருவரிடம் விட்டேன், எல்லாம் வாய்ப்பேச்சுதான். ஆறு மாதத்தில் மொத்த வேலையும் அவர் கைக்குப் போய்விட்டது. கேட்டதற்கு, "நீங்க அப்படி ஒண்ணும் சொல்லலையேங்க" என்றார், உண்மையிலேயே நான் சொல்லியிருக்கவில்லை. அதிலிருந்து ஒரு பக்க ஒப்பந்தம் இல்லாமல் வேலையைக் கைமாற்றுவதில்லை. கஸ்டமருக்கு பில் போடுவது யார், கோட் யாருக்குச் சொந்தம், அட்வான்ஸ் எவ்வளவு, முடிந்த பிறகு தப்பு வந்தால் யார் சரிசெய்வது, அந்தக் கஸ்டமர் அடுத்த வேலைக்கு நேராகக் கூப்பிட்டால் என்ன செய்வது, இந்த ஐந்தும் அதில் இருந்தாக வேண்டும். ஆளைக் காட்டிவிட்டதற்காக மட்டும் கமிஷன் வாங்குவதை நான் ஏற்பதில்லை. பத்து சதவீதம் யார் கொடுக்கிறார்களோ அவர்களுக்கே வேலை போகும், தகுதியான ஆளுக்குப் போகாது.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான (எம்எஸ்எம்இ) மத்திய அரசின் உத்யம் பதிவு இல்லாதவரை முதல் கூட்டத்திலேயே பதியச் சொல்லுங்கள். இலவசம், இணையத்தில் ஆதாரை வைத்து நாமே செய்துவிடலாம், ஏஜென்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிலுள்ள தேதிக்குள், எப்படியும் 45 நாளைத் தாண்டாமல் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. அதற்கென்றே உள்ள எம்எஸ்எம்இ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். வருமான வரிச் சட்டத்திலும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, கெடுவுக்குள் கொடுக்காத அந்தத் தொகையை, வேலை வாங்கியவர் கொடுத்த வருடத்தில்தான் தன் செலவாகக் காட்ட முடியும் என்று வந்துவிட்டது. கஸ்டமரின் ஆடிட்டரிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னாலே பல பில்கள் மார்ச்சுக்குள் வந்துவிடும். ஒன்றை மறக்க வேண்டாம், பக்கத்துத் தெரு கம்பெனிக்கு நீங்கள் வேலை கொடுத்தால் அந்தச் சட்டத்தின் கண்ணில் வாங்குபவர் நீங்கள்தான். "எனக்கு வந்ததும் தர்றேன்" என்று நாமே இழுத்தால் அந்த உறவு அன்றோடு போச்சு.

வளையம் கொஞ்சம் பழகியதும் சேர்ந்து போய்க் கதவைத் தட்டுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரருக்கு வேண்டியது, எந்த வேலையாளிடம் எத்தனை கிராம் வெள்ளி போனது, எவ்வளவு திரும்பியது, சேதாரம் எவ்வளவு என்ற கணக்கு. இளம்பிள்ளையில் சேலை விற்பவருக்கு வேண்டியது போட்டோவும், ஸ்டாக்கும், ஆன்லைன் ஆர்டரும். இரண்டுக்கும் ஒரே கம்பெனி போதாது, மூன்று பேர் ஒரே கொட்டேஷனாகக் கொடுத்தால் நடக்கும். ஏற்காட்டில் காபி எஸ்டேட்டுக்கோ தங்கும் விடுதிக்கோ செய்வதாக இருந்தால், சிக்னல் போனாலும் பதிவு நிற்காமல், நெட் வந்ததும் தானாக ஏறிக்கொள்கிற மாதிரி கட்டத் தெரிந்தவர் குழுவில் ஒருவராவது இருக்க வேண்டும். காபிப் பழம் பறிக்கிற மாதங்களில் எஸ்டேட்காரரிடம் டெமோ காட்டப் போகாதீர்கள், 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போயும் அவரைப் பிடிக்க முடியாது.

ஆள் இழுக்கும் தகராறு கண்டிப்பாக வரும். "ஒருவர் ஆளை இன்னொருவர் எடுக்கவே கூடாது" என்று ரகசியமாகப் பேசி வைப்பது தப்பு, வேலை செய்கிற பிள்ளைகளின் சம்பளத்தில் நாம் கை வைப்பதாகும். எடுப்பதற்கு முன் ஒரு போன், ஓடுகிற வேலை முடிகிற வரை ஒரு மாத அவகாசம், இந்த அளவுக்கு எங்களுக்குள் பேசிக்கொண்டோம். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ சோனா கல்லூரியிலோ இன்டர்ன்களைத் தனித்தனியாகப் போய்க் கேட்பதைவிட, எட்டுக் கம்பெனி சேர்ந்து ஒரே கடிதம் கொடுங்கள், துறைத்தலைவர் உட்காரவைத்துப் பேசுவார். 2024 செப்டம்பரில் கருப்பூரில் திறந்த நியோ டைடல் ஐடி பூங்காவையும், புதுக் கம்பெனிகளுக்கு உதவும் அரசு அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன்னின் இங்குள்ள வட்டார மையத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒரு வருடம் கழித்தும் வேலை கைமாறிக்கொண்டிருந்தால், பொதுக் கணக்கு தேவைப்பட்டால், அப்போது பதியலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் போதும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நடக்கும். அதுவரை அந்தத் தாளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் புதுப்பித்து எல்லோருக்கும் அனுப்பினால் சரி. முதல் கூட்டத்துக்கு நான்கு பேர் வந்தாலும் நடத்துங்கள், மூன்று கேள்விகளையும் இரண்டு நாள் முன்னதாகவே வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதிலை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.