காலேஜ் ஃபுட்பால் டிஃபென்ஸ்: ஸ்கீம் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2010 நவம்பர் 6 அன்று, அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில், தன் சொந்த ஊரான ஆன் ஆர்பரில் மிஷிகன் அணி இல்லினாயை 67-65 என்று வென்றது. மூன்று ஓவர்டைம் வரை போன ஆட்டம். ஜெயித்த அணியே 65 புள்ளி விட்டுக்கொடுத்திருந்தது! அந்த சீசன் முழுக்க மிஷிகன் டிஃபென்ஸ் ஆட்டத்துக்குச் சராசரியாக 35.2 புள்ளி விட்டது. கடைசியில் கேட்டர் பவுல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் மிசிசிப்பி ஸ்டேட்டிடம் 52-14 என்று உதை வாங்கியது. அடுத்த வருடம், 2011இல், அந்தச் சராசரி 17.4. நடுவில் புது ஆட்கள் படையாக வந்து இறங்கிவிடவில்லை. மைக் மார்ட்டின், ரையன் வான் பெர்கன், கிரெய்க் ரோ, ஜோர்டன் கோவாக்ஸ் என்று முக்கியமான பெயர்கள் பழையவையே. பயிற்சியாளர்கள் மாறினார்கள், அவர்களோடு ஸ்கீமும், அதாவது யாரை எங்கே நிறுத்தி என்ன வேலை தருவது என்ற திட்டமும், மாறியது.

ஸ்கீம் தேர்வில் என்னென்ன தவறு செய்யலாமோ, 2008 முதல் 2010 வரை மிஷிகனில் கிட்டத்தட்ட எல்லாமே நடந்தது. அதனால் அதை வைத்தே பேசலாம்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வரி: 4-3, 3-4, 3-3-5, 4-2-5 என்ற எண்களில் முதலாவது கோட்டில் நிற்கும் லைன்மேன்கள், அடுத்தது அவர்களுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள், மூன்றாவது இருந்தால் கார்னர்பேக்கும் சேஃப்டியும் சேர்ந்த பின்வரிசை. மொத்தம் பதினொரு பேர்.

எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு, ஆளை விட்டுவிட்டு ஸ்கீமை மட்டும் தூக்கிவருவது. ரிச் ராட்ரிகஸ் வெஸ்ட் வர்ஜீனியாவில் தலைமைப் பயிற்சியாளராக ஜெயித்துக்கொண்டிருந்தபோது அங்கே 3-3-5 டிஃபென்ஸை நடத்தியவர் ஜெஃப் காஸ்டீல். 2008 சீசனுக்காக ராட்ரிகஸ் மிஷிகனுக்குப் போனார். காஸ்டீல் போகவில்லை. ராட்ரிகஸ் எடுத்த கோ-ஆர்டினேட்டர் (டிஃபென்ஸுக்குப் பொறுப்பான பயிற்சியாளர்) ஸ்காட் ஷாஃபர் வேறு ஸ்கீமில் வளர்ந்தவர். சரி, அவருக்குத் தெரிந்ததை அவர் செய்யட்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. சீசன் நடுவே பர்டியூவுக்கு எதிராகத் திடீரென்று 3-3-5 வந்தது. எதிரணியில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் முதல் முறையாக ஆட்டத்தைத் தொடங்கியவர்; அவர்கள் அடித்தது 48 புள்ளி. சீசன் 3-9இல் (மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி) முடிய, ஷாஃபர் கிளம்பினார்.

அடுத்து வந்த கிரெக் ராபின்சன் சாதாரண ஆள் இல்லை. தொழில்முறை அணியான டென்வர் பிராங்கோஸ் அடுத்தடுத்து இரண்டு சூப்பர் பவுல் ஜெயித்தபோது டிஃபென்ஸ் கோ-ஆர்டினேட்டர் அவர்தான். அவரையும் 2010இல் 3-3-5க்குள் தள்ளினார்கள். அது அவர் வளர்ந்த ஸ்கீம் அல்ல. தலைமைப் பயிற்சியாளருக்கோ அது பிடிக்கும், ஆனால் அவர் அஃபென்ஸ்காரர் (புள்ளி அடிக்கும் பக்கம்), உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கப் போவதில்லை.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? 3-3-5இல் மூன்று லைன்பேக்கர்களும் மூன்று லைன்மேன்களுக்கு நேர் பின்னால் ஒளிந்தாற்போல நிற்பார்கள். பந்து ஆட்டத்துக்கு வந்ததும் (ஸ்னாப்) நடு லைன்மேனான நோஸ் டாக்கிள் இடது பக்கம் சாய்ந்து பாய்ந்தால், பின்னால் நிற்கும் லைன்பேக்கர் வலது இடைவெளியை அடைக்க வேண்டும். அவன் கண் பந்தைப் பார்க்கக் கூடாது, எதிரணி லைனில் எதிரே இருக்கும் கார்டு என்ற ஆட்டக்காரனின் இடுப்பைப் பார்க்க வேண்டும். கார்டு விலகி ஓடினால் ஒரு அர்த்தம், நேரே வந்தால் வேறு அர்த்தம். பத்தொன்பது வயதுப் பையன் அரை நொடி தயங்கினால் போதும், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் இருபது கெஜம் போய்விடுவான். இந்த ஸ்கீமைப் பல வருடம் நடத்தியவருக்குப் பையன் எந்த அடியில் தப்புப் பண்ணுவான் என்று முன்கூட்டியே தெரியும். புதன்கிழமைப் பயிற்சியிலேயே பிடித்துவிடுவார். பிளேபுக்கைப் படித்துச் சொல்லிக்கொடுப்பவருக்கு அது ஞாயிற்றுக்கிழமை வீடியோவில்தான் தெரியும். அதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும்.

கோ-ஆர்டினேட்டரை மட்டும் பார்த்தாலும் போதாது. லைன் கோச், லைன்பேக்கர் கோச், பின்வரிசை கோச் எல்லோரும் ஒரே வார்த்தைகளில் பேச வேண்டும். 2011இல் மிஷிகனுக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்த பிரேடி ஹோக் டிஃபென்சிவ் லைன் கோச்சாக இருந்தவர். அவர் கூட்டிவந்த கிரெக் மேட்டிசன், பால்டிமோர் ரேவன்ஸ் கோ-ஆர்டினேட்டர் வேலையை விட்டு வந்தவர், அவரும் லைன்காரர். இரண்டு பேரும் தொண்ணூறுகளிலேயே மிஷிகனில் வேலை பார்த்தவர்கள். முன்வரிசைக்கு நான்கு பேர் என்று முடிவெடுத்ததில் ஆச்சரியம் இல்லை, அவர்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிந்தது அதுதான்.

அப்புறம் ஆட்கள். கிரெய்க் ரோ பாஸ் ரஷ்ஷுக்கு, அதாவது குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் பிடிக்க, பிறந்த பையன். அவனை 2010இல் லைன்பேக்கராக நிறுத்தினார்கள். 2011இல் டிஃபென்சிவ் எண்டாக (ஓரத்தில் நிற்கும் லைன்மேன்) திரும்பக் கொண்டுவந்தார்கள். இருக்கிற நல்ல ஆட்டக்காரனை ஸ்கீமின் காலிக் கட்டத்தை நிரப்ப நகர்த்துவது பல அணிகளில் நடக்கிறது, பெரும்பாலும் வீண்தான். நகர்த்துவதே தப்பு என்று சொல்லவில்லை. டெக்சஸ் கிறிஸ்டியனில் கேரி பேட்டர்சன் காலமெல்லாம் அதைத்தான் செய்தார். ரன்னிங் பேக்காக வந்த ஜெரி ஹ்யூஸை எண்டாக மாற்றினார், 2009இல் அந்தப் பையன் டெட் ஹெண்ட்ரிக்ஸ் விருது வாங்கினான். ஆனால் அங்கே 4-2-5 வருடக்கணக்கில் மாறவே இல்லை. எந்த உடம்பு எந்த இடத்தில் தேறும் என்பது பேட்டர்சனுக்கு அத்துப்படி.

சில ஸ்கீம்களுக்கு ஒரே ஒரு ஆள் இல்லையென்றால் கதையே முடிந்தது. நிக் சேபன் அலபாமாவில் ஓடவிட்ட பழைய பாணி 3-4ஐப் பாருங்கள். நடுவில் நிற்கும் நோஸ் டாக்கிள் இரண்டு பக்க இடைவெளிகளையும் தாங்கி, இரண்டு பேர் தள்ளினாலும் நகராமல் நிற்க வேண்டும். 2007இல் அலபாமா 7-6. 2008இல் ஜூனியர் காலேஜிலிருந்து டெரன்ஸ் கோடி வந்தார், ஏறக்குறைய 160 கிலோ. அந்த வருடம் 12-2. எல்லாம் அவரால் மட்டும் என்று சொன்னால் பொய். ஆனால் அப்படி ஒரு மலை இல்லாமல் அந்த 3-4ஐ எடுப்பவர், மூன்று லைன்மேன் என்றால் ஆள் மிச்சம் என்று தப்புக்கணக்குப் போடுகிறார்.

பின்வரிசையில் ஆள் பற்றாக்குறை வந்தால் இன்னும் மோசம். 2010இல் மிஷிகனின் கார்னர்பேக் டோனவன் வாரன் முன்கூட்டியே தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லுக்குக் கிளம்பியிருந்தார். டிராய் வுல்ஃபோக் சீசன் தொடங்கும் முன்பே கணுக்கால் உடைந்து வெளியேறினார். அனுபவமில்லாத பையன்களை வைத்து ஒப்பேற்ற வேண்டிய நிலை. 2011 முன்னேற்றத்தில் இவர்களுக்கு ஒரு வயது கூடியதும் ஒரு பங்கு. நழுவிய பந்துகள் அந்த வருடம் நிறைய மிஷிகன் கையில் விழுந்த அதிர்ஷ்டமும் உண்டு. ஸ்கீம் மாற்றம் ஒன்றே மாயம் செய்தது என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம்.

என்.எஃப்.எல். பிளேபுக்கை (ஆட்டத் திட்டங்களின் தொகுப்பு) அப்படியே காலேஜுக்குக் கொண்டுவருவது இன்னொரு வழக்கமான தவறு. சீசன் நடக்கும்போது, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரம்தான்; ஆட்ட நாளே அதில் 3 மணி நேரமாகக் கணக்கில் போய்விடும். தொழில்முறை அணியில் காலையிலிருந்து இரவு வரை வீடியோ பார்க்கலாம். இங்கே பையனுக்கு வகுப்பு இருக்கிறது, தேர்வு இருக்கிறது. பாஸைத் தடுக்கும் அமைப்புகளில் (கவரேஜ்) பத்தை அரைகுறையாகத் தெரிந்த அணியைவிட மூன்றை உருப்படியாகத் தெரிந்த அணி மேல்.

வேண்டாத நேரத்தில் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட்) இருக்கிறது. 2019இல் 15-0, தேசிய சாம்பியன். டிஃபென்ஸை நடத்திய டேவ் அராண்டா பேலருக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். பல ஆட்டக்காரர்களும் என்.எஃப்.எல். போனார்கள். இடத்துக்கு வந்த போ பெலினி 3-4ஐக் கழற்றிவிட்டு 4-3 போட்டார், அதுவும் கோவிட்டால் வசந்தகாலப் பயிற்சி முடங்கிய வருடத்தில். முதல் ஆட்டத்தில் எதிரணி மைக் லீச் பயிற்றுவித்த மிசிசிப்பி ஸ்டேட். எல்.எஸ்.யு.வின் நட்சத்திர கார்னர்பேக் டெரெக் ஸ்டிங்லி உடம்பு சரியில்லாமல் ஆடவில்லை. அப்படியும் ஆளுக்கு ஆள் கவரேஜைப் பெலினி விடவில்லை. எதிரணி குவார்ட்டர்பேக் கே.ஜே. காஸ்டெல்லோ 623 கெஜம் எறிந்தார், இரண்டு அணிகளும் ஆடும் எஸ்.இ.சி. லீக் வரலாற்றில் அதுவரை அதிகம். பெலினி ஒரு சீசனோடு போனார்.

இதற்கு நேர் எதிர் ஐயோவா ஸ்டேட், 2017. ஜான் ஹீகாக் கோ-ஆர்டினேட்டர். தலைமைப் பயிற்சியாளர் மேட் கேம்பெலோடு டொலிடோ காலத்திலிருந்தே கூட இருந்தவர். பந்தை விரித்து எறியும் பிக் 12 லீக் அணிகளைச் சமாளிக்க, அந்த சீசனிலேயே மூன்று லைன்மேன், மூன்று சேஃப்டி என்ற அமைப்புக்கு மாறினார்கள். நடு லைன்பேக்கர் ஜோயல் லானிங் முந்தைய வருடம்வரை குவார்ட்டர்பேக்! அந்த அணி ஓக்லஹோமாவை அவர்கள் மைதானத்திலேயே 38-31 என்று வென்றது. இதுவும் சீசன் நடுவே வந்த மாற்றம்தான், இதுவும் மூன்று பேர் முன்வரிசைதான். ஆனால் கையில் இருந்த பையன்களைப் பார்த்து, சேர்ந்து வேலை செய்து பழகிய பயிற்சியாளர்களே உருவாக்கியது. தலைமைப் பயிற்சியாளரின் பழைய ஊர் நினைவிலிருந்து வந்தது அல்ல.

ஆகவே எண்ணைத் திட்டிப் பயனில்லை. மிஷிகன் ரசிகர்களிடம் 3-3-5 என்றாலே கெட்ட வார்த்தை. ராக்கி லாங் அதையே நியூ மெக்சிகோவிலும் சான் டியேகோ ஸ்டேட்டிலும் வருடக்கணக்கில் ஓட்டினார், நன்றாகவே ஓட்டினார்.

ராபின்சனின் கதை அதோடு முடியவில்லை. 2013 செப்டம்பரில் டெக்சஸ் அணியை பி.ஒய்.யு. (பிரிகாம் யங்) அணி தரையிலேயே 550 கெஜம் ஓடித் தள்ளியது. கோ-ஆர்டினேட்டர் மேனி டியாஸை மறுநாளே நீக்கி, அந்த இடத்தில் உட்காரவைத்தது ராபின்சனைத்தான். மிஷிகன் ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். முதல் ஆட்டம் தோல்வி. அதற்குப் பிறகு டெக்சஸ் வரிசையாக ஆறு ஆட்டம் ஜெயித்தது. அதில் ஒன்று ஓக்லஹோமாவுக்கு எதிராக, 36-20.