ஃபேண்டஸி ஹாக்கி லீக்ல பாயிண்ட் உதைச்சது எங்கன்னு கண்டுபிடிச்ச கதை

பாரிஸ் ஒலிம்பிக் 2024 அப்போ வியாசர்பாடி பசங்க நாங்க எக்ஸெல் ஷீட் போட்டு ஃபேண்டஸி லீக் ஆடுனோம், அதாவது ஆளுக்கொரு டீம் எடுத்து, அந்த பிளேயருங்க நிஜ மேட்ச்ல ஆடுறதுக்கு பாயிண்ட் போடுறது. தோத்தவன் பர்மா பஜார் பக்கம் எல்லாருக்கும் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கித் தரணும். கடைசில எனக்கும் மச்சானுக்கும் தான் போட்டி, ஆனா ஷீட் காட்டுற மொத்தமும் கையால கூட்டுற மொத்தமும் ஒத்தே வரல.

நாம கேப்டனா வெச்ச பிளேயருக்கு டபுள் பாயிண்ட் குடுக்குற ஃபார்முலா தான் தப்புன்னு அதை அழிச்சு திரும்ப எழுதுனேன், மாறல. இந்திய டீம்ல பாதி பேரு சிங் தானே, பேரு மாறிப்போச்சோன்னு ஒவ்வொண்ணா பாத்தேன், அதுவும் கரெக்ட். நாள் தான் வீணாச்சு.

அப்புறம் தான் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. நம்ம இந்திய டீம் ஹர்மன்ப்ரீத் சிங் அந்த ஒலிம்பிக்ல அடிச்சது 10 கோல், நம்ம ஷீட்ல 11! பிரிட்டன் கூட குவார்ட்டர் ஃபைனல் 1-1, அப்புறம் ஜெயிச்சது யாருன்னு முடிவு பண்ண வெச்ச ஷூட்அவுட்ல 4-2ன்னு ஜெயிச்சோமே, அந்த ஷூட்அவுட் கோலும் சேர்ந்துடுச்சு. ஷூட்அவுட்ல அடிக்கிறது பிளேயர் கோல் கணக்குல வராது, இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. மச்சானோட கேப்டன் அவரு, அதனால டபுளா ஏறியிருக்கு.

ஷூட்அவுட்டுக்கு தனி ஷீட் போட்டு அந்த நாலு கோலையும் அங்க தள்ளுனேன், உடனே ரெண்டு மொத்தமும் ஒத்துப்போச்சு, அப்பாடா. அத்தோ மச்சான் செலவு. இப்போ கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் ஷூட்அவுட்ல தடுத்ததுக்கு போனஸ் வேணும்னு நிக்கிறான்.