திருமலை வானில் கற்பனைப் போர்: கதை எழுதுவோர் விடும் பிழைகள்

என்னிடம் பௌதிகவியல் படிக்கும் உயர்தர மாணவன் ஒருவன், பயிற்சிக் கொப்பியின் பின்பக்கத்தில் 2045ஆம் ஆண்டுப் போர் ஒன்றை நடத்தி முடித்திருந்தான். திருகோணமலையின் கொட்டியாரக் குடாவுக்கு மேலே எதிரி விமானங்கள் நாற்பது. நம் பக்கம் ஒன்றே ஒன்று. மூன்று நிமிடத்தில் நாற்பதும் கடலுக்குள். அந்தப் பக்கத்தில் விசையியல் கணக்கு இருந்திருக்க வேண்டும் என்பது வேறு விடயம். கதை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எதிர்கால வான்போரைக் கற்பனை செய்வோர் வழக்கமாக விடும் பிழைகள் ஒன்று விடாமல் அதில் இருந்தன.

முதல் பிழை, கடலைத் தட்டை என்று நினைப்பது. அவனுடைய ராடார், கடலை உரசிக்கொண்டு வரும் விமானத்தை 400 கிலோமீற்றரில் கண்டுபிடித்தது. ஒரு ஞாயிறு மாலை அவனை டச்சுக்குடா மணலில் உட்காரவைத்து, தொலைநோக்கியைக் கையில் கொடுத்தேன். வலை போட்டுக்கொண்டு நின்ற ஒரு படகின் உடல் தெரியவில்லை; அதில் நட்டிருந்த கொடி மட்டும் நீருக்கு மேலே ஆடியது. பிறகு கோணேசர் மலைக்கு ஏறினோம். இராவணன் வெட்டுக்கு அருகில் நின்று பார்த்தபோது, அதே படகு அடிவரை முழுதாகத் தெரிந்தது. "சேர், மறைத்தது தூரம் இல்லை, கடல்தான்" என்றான். ராடாருக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். 100 மீற்றர் உயரத்தில் ஒரு ராடார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10,000 மீற்றர் உயரத்தில் வரும் விமானம் ஏறக்குறைய 450 கிலோமீற்றரில் அதன் பார்வைக் கோட்டுக்குள் வந்துவிடும். 25 மீற்றர் உயரத்தில் வருவது 62 கிலோமீற்றருக்குள் வந்த பிறகுதான் தெரியும். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் கையில் மிஞ்சுவது நான்கு நிமிடம். தேநீர் ஆறுவதற்குக்கூட அது போதாது.

அந்த நிமிடங்களின் விலையை இந்த ஊர் அறிந்தது 1942இல். ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் ஜப்பானிய விமானங்கள் வந்து சேரும்வரை எச்சரிக்கை கிடைக்கவில்லை. பிரித்தானியரின் ஹரிக்கேன் போர் விமானங்கள் தரையிலிருந்து எழும்பும்போதே சிக்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையில் ராடார் முன்கூட்டியே சொன்னது. சீனக்குடா விமானத் தளத்திலிருந்து ஹரிக்கேன்கள் உயரம் பிடித்துக் காத்திருக்க முடிந்தது. ஆனாலும் வந்தவை நூற்றுக்கும் மேல். எழும்பியவை இருபதுகூட இல்லை. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானியக் கப்பல் மூழ்கியது. ஆரம்பத்திலிருந்தே விமானந்தாங்கிக் கப்பலாக வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல்களில் ஒன்று அது. அன்று அதன் தளத்தில் போர் விமானம் ஒன்றுகூட இல்லை. உதவிக்கு அனுப்பிய விமானங்கள் வந்தபோது கப்பல் போய்விட்டது. எங்கள் மாணவனின் கதையில் யாரும் தாமதமாக வருவதே இல்லை.

அடுத்தது ஸ்டெல்த். ராடாருக்குத் தெரியாத விமானம் என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே உயர்தரக் கணிதமே போதும். ராடார் ஒரு பொருளைக் காணும் தூரம், அந்தப் பொருள் திருப்பி அனுப்பும் எதிரொலிப்பின் நான்காம் மூலத்தைப் பொறுத்தது. எதிரொலிப்பைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் தூரம் பத்தில் ஒன்றாகத்தான் குறையும். 400 கிலோமீற்றர் 40 ஆகும், பூச்சியம் ஆகாது. அதுவும் முன்பக்கத்திலிருந்து பார்த்தால்தான். பக்கவாட்டிலும் பின்புறத்திலும் விமானம் அவ்வளவு அடக்கமாக இருப்பதில்லை. மீற்றர் கணக்கில் அலைநீளம் கொண்ட பழைய வகை ராடார்களை அந்த வடிவமைப்பு முழுதாக ஏமாற்றுவதும் இல்லை. 1999 மார்ச் 27ஆம் திகதி சேர்பியாவில் எஃப்-117 என்ற அமெரிக்க ஸ்டெல்த் விமானத்தை வீழ்த்தியது, 1960களில் சேவைக்கு வந்த சோவியத் ஏவுகணைத் தொகுதி ஒன்று.

ஏவுகணையின் எட்டுதூரத்தை விளம்பரத்தில் உள்ளபடியே எடுப்பதும் இந்த வகைப் பிழைதான். பெரும்பாலான வான்-வான் ஏவுகணைகளின் எரிபொருள் சில விநாடிகளில் தீர்ந்துவிடும். மீதித் தூரம் எறிந்த கல்லைப் போல, ஏற்கெனவே பெற்ற வேகத்தில்தான் போக வேண்டும். இருவரும் மிக உயரத்தில் நேருக்கு நேர் வரும்போது 100 கிலோமீற்றர் எட்டும் ஏவுகணை, எதிரி முதுகைக் காட்டித் தாழப் பறந்து ஓடினால் அதில் மூன்றிலொன்றைக்கூட எட்டாமல் போகலாம். எண்ணிக்கையையும் யாரும் பார்ப்பதில்லை. எஃப்-22 என்ற அமெரிக்கப் போர் விமானம் தன் வயிற்றுக்குள் கொண்டுபோவது எட்டு ஏவுகணை. நாற்பது எதிரிக்கு எட்டு! கொப்பியை நீட்டி, "மீதி முப்பத்திரண்டு எங்கே இருந்து வந்தது, தம்பி?" என்று கேட்டேன். பதில் இல்லை.

ஆனால் என் கணக்கில் மிகப் பெரிய பிழை எது என்று கேட்டால், யார் எதிரி என்று எல்லோருக்கும் தெரியும் என்று வைத்துக்கொள்வதுதான். திரையில் சிவப்புப் புள்ளி எதிரி, நீலப் புள்ளி நம்மவர் என்று கதையில் சுலபமாக எழுதிவிடலாம். 1988இல் வின்சென்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், தன் காலத்து மிக நவீன ராடார் தொகுதியை வைத்துக்கொண்டே ஈரானியப் பயணிகள் விமானத்தைப் போர் விமானம் என்று நம்பிச் சுட்டது. 290 பேர் இறந்தார்கள். 1994இல் ஈராக்கின் வடக்கே இரு அமெரிக்கப் போர் விமானங்கள், விமானிகள் கிட்டப் பறந்து கண்ணால் பார்த்த பிறகும், தம் நாட்டு ஹெலிகொப்டர்கள் இரண்டையே வீழ்த்தின. ஐம்பது ஆண்டு கழித்து, மூதூருக்கும் நிலாவெளிக்கும் நடுவே மீன்பிடிப் படகுகளும் பயணிகள் விமானமும் இரு தரப்பின் ட்ரோன்களும் ஒன்றாக இருக்கும் இரவில், அந்தச் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது. கதைக்கு இதைவிட நல்ல முடிச்சு வேறு எங்கே கிடைக்கும்?

செயற்கை நுண்ணறிவு விமானியை வெல்லும் என்பதற்கு 2020 ஓகஸ்ட் போட்டியைக் காட்டுவார்கள். அதில் கணினி 5-0 என்று எஃப்-16 விமானியை வென்றது உண்மை. போலிப் பறப்பில், துப்பாக்கி மட்டும் வைத்து, எதிரி எங்கே இருக்கிறான் என்பது கணினிக்குத் துல்லியமாகத் தெரிந்த நிலையில் கிடைத்த வெற்றி அது. 2023இல் உண்மை வானிலும் அந்த வகை மென்பொருள் பறந்துவிட்டது. ஆகவே கேலியும் வேண்டாம், கடவுளாக்கவும் வேண்டாம். ட்ரோன் கூட்டத்துக்கும் இதுவே பொருந்தும். 2025 ஜூனில் உக்ரேனின் 117 சிறு ட்ரோன்கள் ரஷ்ய விமானத் தளங்களைத் தாக்கின. அவற்றை அவ்வளவு தூரம் கொண்டுபோய்ச் சேர்த்தது லொறி.

எரிபொருளைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு. 1982இல் தென் அத்திலாந்திக்கில் உள்ள போக்லாந்துத் தீவின் ஓடுபாதையில் குண்டு போட, 6,000 கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்து வல்கன் என்ற பிரித்தானியக் குண்டுவீச்சு விமானம் ஒரே ஒன்று போனது. அதற்காக, வானிலேயே எரிபொருள் நிரப்பும் விமானங்கள் பதினொன்று கிளம்ப வேண்டியிருந்தது. போட்ட குண்டு 21. ஓடுபாதையில் விழுந்தது ஒன்று.

மாணவன் போன வாரம் இரண்டாம் வரைவைக் கொண்டுவந்தான். எதிரி நான்காகக் குறைந்திருக்கிறான். நாயகி ஒரு ஏவுகணையையும் ஏவாமல், கீழே தெரியும் வெளிச்சம் படகா ட்ரோனா என்று தெரியாமல் இருமுறை வட்டமடிக்கிறாள். அந்த வட்டங்களுக்கு ஆன எரிபொருளை மட்டும் அவன் கழிக்க மறந்துவிட்டான். சீனக்குடாவுக்குத் திரும்ப 300 லீற்றர் குறைகிறது. கொப்பியில் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.