எட்டாத இடத்துப் பேட்டரி: ஆஃப்ரோடு பைக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதாரண பைக்குகளில் சீட்டையோ சைடு பேனலையோ கழற்றினால் பேட்டரி தெரிந்துவிடும். ஆஃப்ரோடு வண்டிகள் பலவற்றில் அது அவ்வளவு லேசில் சிக்காது. கேடிஎம் 950, 990 அட்வென்சர்களில் பேட்டரி இன்ஜினுக்கு முன்னால், பாஷ் பிளேட்டுக்கு (இன்ஜினைக் கல்லிலிருந்து காக்கும் தகடு) பின்னால் உட்கார்ந்திருக்கிறது. பிஎம்டபிள்யூ எஃப் 650 ஜிஎஸ்ஸில் பெட்ரோல் சீட்டுக்கு அடியில் போய்விட்டதால், டேங்க் மாதிரி தெரிகிற மூடிக்குள் பேட்டரி இருக்கும். மாற்றும் வேலை சின்னதுதான், அதை எட்டுவதற்குத்தான் நேரம் பிடிக்கும். ஒரு சின்னப் பிசகுக்காக எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க நேர்ந்தால் பொறுமை போய்விடும்.

முதல் தவறு, ஸ்பானரை எடுப்பதற்கு முன்பே நடக்கிறது. செல்ஃப் அடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம், உடனே பேட்டரி போச்சு என்று முடிவு. லூசான டெர்மினல், துருப்பிடித்த எர்த் வயர், பழுதான ஸ்டார்ட்டர் ரிலே (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் அனுப்பும் சுவிட்ச்) எல்லாமே அதே சத்தத்தைத் தரும். ஸ்டார்ட்டர் ரிலே கைக்கு எட்டினால் அதன் பேட்டரி பக்க முனையிலேயே மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கலாம். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும். முழு சார்ஜுக்குப் பிறகும் செல்ஃப் அடிக்கும்போது 10-க்கு நன்றாகக் கீழே இறங்கினால் பேட்டரி மேல்தான் சந்தேகம். வண்டி ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5 வரை வரவில்லையென்றால் ரெகுலேட்டரையோ (சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது) ஸ்டேட்டரையோ (கரண்ட் உண்டாக்கும் காயில்) பாருங்கள். இல்லையென்றால் புதுப் பேட்டரியும் சீக்கிரமே படுத்துவிடும்.

வாங்கும்போது அளவை மட்டும் பார்ப்பவர்கள் அதிகம். ஒரே அளவுப் பெட்டியில் பிளஸ் இடப்பக்கம் இருப்பதும் உண்டு, வலப்பக்கம் இருப்பதும் உண்டு. மாறிப்போனால் வயர் எட்டாது. இழுத்து மாட்டினால் பிறகு அது ஃபிரேமில் உரசும். எடை குறையும் என்று லித்தியம் பேட்டரிக்குப் போகிறவர்கள், டூல் பையில் எவ்வளவு சுமக்கிறோம் என்பதையும் ஒருமுறை யோசிக்கலாம். அப்படியே போனாலும், பழைய சார்ஜரில் லெட் ஆசிட் பேட்டரிக்கான சல்ஃபேட் நீக்கும் மோடு இருந்தால் அதில் மாட்டக்கூடாது. கடுங்குளிரில் செல்ஃப் சோம்பலாக இருக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். எல்லாரும் கேட்ட விதிதான், ஆனால் நெருக்கமான இடத்தில்தான் இதன் அருமை தெரியும். ஃபிரேம் முழுக்க மைனஸோடு இணைந்திருக்கிறது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸில் வைத்த ஸ்பானர் ஃபிரேமைத் தொட்டால் தீப்பொறி, சிலசமயம் ஸ்பானரே ஒட்டிக்கொள்ளும். மோதிரம், உலோக வாட்ச் எல்லாம் கழற்றிவிடுங்கள். ஸ்பானரின் கைப்பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

அடுத்தது டெர்மினலுக்குள் இருக்கும் அந்தச் சதுர நட்டு. போல்ட்டை நுழைக்கும் முன்பே அது கீழே இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத மூலையில் இதோடு மல்லுக்கட்டுவது பெரிய தலைவலி. பேட்டரியை உள்ளே வைப்பதற்கு முன்பே நட்டுக்கு அடியில் சிறு ஃபோம் துண்டு திணித்துவிட்டால் அது மேலேயே நிற்கும். பக்கத்தில் ஏர் ஃபில்டர் பெட்டி திறந்திருந்தால் அதன் வாயைத் துணியால் மூடுங்கள். அங்கே விழும் வாஷர் இன்ஜினுக்குள் போகக்கூடும். மூடும்போது அந்தத் துணியை எடுக்கவும் மறக்காதீர்கள்.

பிரிப்பதற்கு முன் வயர் போகும் பாதையை போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. டேங்குக்கோ பேனலுக்கோ அடியில் நசுங்கிய வயர் இன்று ஒன்றும் செய்யாது. குலுக்கலில் தோல் கிழிந்த பிறகுதான் ஷார்ட் ஆகும். பேட்டரி ஆடவும் கூடாது. புதியது சற்றுச் சிறியதாக இருந்தால் ரப்பரோ கெட்டி ஃபோமோ வைத்து இடைவெளியை நிரப்பி, ஸ்ட்ராப்பை இறுக்குங்கள்.

பேனலை மாட்டும் முன் வண்டியை ஸ்டார்ட் செய்து, வோல்டேஜ், லைட், ஹாரன் எல்லாம் பாருங்கள். பலர் விட்டுவிடுவது ஒன்று உண்டு: டெர்மினலிலிருந்து ப்யூஸ் வைத்த சார்ஜிங் வயர் ஒன்றை வெளியே இழுத்து வைப்பது. அடுத்த தடவை சார்ஜ் போட எதையும் பிரிக்க வேண்டாம். ப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். வயரின் முனைக்கு மூடி போட்டு, சைலன்சர் சூடு படாத இடத்தில் கேபிள் டையால் கட்டிவிடுங்கள்.